கண் மெலனோமா கல்லீரலை அடைவது எப்படி: பரவலில் நொதிகளின் பங்கு

பெரியவர்களுக்குக் கண்ணுக்குள்ளேயே தோன்றும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது கண் மெலனோமா. தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனின் நிறமியை உண்டாக்கும் மெலனோசைட் செல்கள் கண்ணிலும் இருக்கின்றன. விழித்திரைக்குப் பின்னால் ரத்த நாளங்கள் செறிந்துள்ள கோராய்டு படலம், அதற்கு முன்னே அமைந்த சிலியரி உறுப்பு, கண்மணியைச் சுற்றி நிறத்துடன் தெரியும் ஐரிஸ் ஆகிய மூன்றும் சேர்ந்த நடு அடுக்குக்கு யூவியா என்று பெயர். அந்த அடுக்கிலுள்ள மெலனோசைட்டுகள் கட்டுப்பாடிழந்து பெருகுவதே இந்நோய். பத்தில் ஏறத்தாழ ஒன்பது கட்டிகள் கோராய்டில் தோன்றுகின்றன. அமெரிக்காவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சுமார் 5 பேருக்கும், வட ஐரோப்பாவில் 8 பேர் வரையிலும், தென் ஐரோப்பாவில் 2 பேர் அளவிலும் இது வருகிறது. ஆசிய மக்களிடையே பத்து லட்சத்துக்கு ஒருவருக்கும் குறைவாகவே காணப்படுகிறது.

இத்தனை அரிதான நோய்க்கு இவ்வளவு ஆராய்ச்சி ஏன் நடக்கிறது என்பதை ஓர் ஆய்வின் முடிவு தெளிவாகச் சொல்லிவிடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1987இல் நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கிய ஒரு பெரிய கூட்டாய்வில், நடுத்தர அளவுள்ள கட்டி கொண்ட 1,317 பேர் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குக் கண் முழுவதும் அகற்றப்பட்டது. மற்றவர்களுக்கு அயோடின்-125 பொதிந்த சிறு தகட்டைக் கண்ணின் வெளிச்சுவரில் தைத்து, கட்டிக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கணக்கிட்டபோதும், உயிர்வாழ்ந்தோரின் விகிதத்தில் இரு பிரிவினருக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தென்படவில்லை. கண்ணைக் காப்பாற்றும் சிகிச்சையைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம் என்ற நல்ல செய்தி அதில் இருந்தது. கண்ணையே எடுத்துவிட்டாலும் சிலரைக் காப்பாற்ற முடியவில்லை என்ற கடினமான உண்மையும் அதே முடிவில் இருந்தது. அவர்களிடம் புற்றுசெல்கள் சிகிச்சைக்கு முன்பே கண்ணைவிட்டு வெளியேறியிருக்க வேண்டும் என்பதே இதற்குப் பெரும்பாலான வல்லுநர்கள் ஏற்கும் விளக்கம்.

நீண்டகால நோக்கில், கண் மெலனோமா வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் உடலின் வேறிடங்களில் தலைகாட்டுகிறது. சிலருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளிலும், சிலருக்குப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் இது நிகழ்கிறது. அவ்வாறு பரவியவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்குக் கல்லீரல் பாதிக்கப்படுகிறது. மார்பகப் புற்றுநோயைப் போல நிணநீர் முடிச்சுகள் வழியாக இது பரவுவது வழக்கமில்லை, ஏனெனில் கண்ணின் உட்பகுதியில் நிணநீர் நாளங்கள் இல்லை. ரத்தமே அதற்குள்ள வழி. ஆகவே ஒரு புற்றுசெல் தன் அண்டை செல்களிடமிருந்து பிரிந்து, சூழ்ந்திருக்கும் இணைப்புத் திசுவைக் கடந்து, ரத்த நாளத்தின் சுவரை ஊடுருவி, ஓட்டத்தில் உயிர் பிழைத்து, கல்லீரலில் தங்கி, அங்கே மறுபடி பெருக வேண்டும். இந்த நீண்ட வழியின் ஒவ்வொரு கட்டத்திலும் ஏதேனும் ஒரு நொதியின் செயலோ, செயலின்மையோ பங்கு வகிக்கிறது.

செயலின்மை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. புற்றுநோய்ப் பரவலில் நொதிகளின் பங்கு என்றவுடன், திசுக்களை அரித்து வழி உண்டாக்கும் நொதிகள்தாம் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கும் இந்நோயில் இடம் உண்டு என்றாலும், நோய் தொடங்குவதையும் பரவும் தன்மையைப் பெறுவதையும் தீர்மானிப்பவை, தங்கள் வேலையைச் செய்யத் தவறிய இரண்டு நொதிகள். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அவற்றைப் பற்றியதே.

நொதிகளைப் பற்றிச் சில அடிப்படைகள்

உடலில் நிகழும் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்களே நொதிகள். ஒரு நொதி தான் செலவாகிப் போகாமல், ஒரே வகை வினையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்கும். உணவைச் செரிக்கும் நொதிகளைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அவை ஆயிரக்கணக்கான நொதிகளில் ஒரு சிறு பகுதிதான். செல்லுக்குள் செய்திகளைக் கடத்துவதும், தேவையற்ற புரதங்களை அழிப்பதும், மரபணுக்களில் எவை இயங்க வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துவதும்கூட நொதிகளின் வேலையே. இக்கட்டுரையில் அடிக்கடி வரப்போகிறவை சில வகைகள். புரதங்களைத் துண்டிப்பவை புரோட்டியேஸ்கள். ஒரு புரதத்தின்மேல் பாஸ்பேட்டைச் சேர்ப்பவை கைனேஸ்கள். அந்தப் பாஸ்பேட்டை நீக்குபவை பாஸ்பட்டேஸ்கள். பாஸ்பேட் மிகச் சிறிய வேதித்தொகுதிதான் என்றாலும், அது சேர்ந்தவுடன் புரதத்தின் வடிவமும் செயலும் மாறிவிடுகின்றன. ஒரு செல் பெருக வேண்டுமா, நகர வேண்டுமா, ஓய்ந்திருக்க வேண்டுமா என்ற முடிவுகள் பெரும்பாலும் இந்தச் சேர்த்தலாலும் நீக்கலாலுமே செயல்படுத்தப்படுகின்றன.

நோயாளிகளின் குடும்பத்தினர் சிலருக்கு எழக்கூடிய ஓர் ஐயத்தை இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. மருந்துக் கடைகளில் விற்கும் செரிமான நொதி மாத்திரைகளுக்கும், கீழே சொல்லப்படும் நொதிகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உணவை மாற்றியோ அத்தகைய மாத்திரைகளை விழுங்கியோ கட்டிக்குள் இருக்கும் நொதிகளைக் கட்டுப்படுத்த இயலாது.

தன்னை அணைத்துக்கொள்ள இயலாத புரதம்

கண் மெலனோமாவின் மரபணு அடிப்படை 2009 வரை புதிராகவே இருந்தது. தோலில் வரும் மெலனோமாவில் பாதிக்கு அருகில் காணப்படும் பிராஃப் மரபணுப் பிறழ்வு, கண்ணில் தோன்றும் கட்டிகளில் ஏறக்குறைய இல்லவே இல்லை. அந்த ஆண்டில் ஜிஎன்ஏகியூ என்ற மரபணுவிலும், அடுத்த ஆண்டில் அதற்கு மிக நெருங்கிய உறவுடைய ஜிஎன்ஏ11 மரபணுவிலும் பிறழ்வுகள் கண்டறியப்பட்டன. இவ்விரண்டில் ஒன்று, ஐந்தில் நான்கு பங்குக்கும் அதிகமான கட்டிகளில் காணப்படுகிறது. இரண்டும் ஒன்றாக இருப்பது மிக அரிது, ஏனெனில் ஒன்று நிகழ்ந்துவிட்டாலே அந்தச் செய்திவழி முழுவதும் திறந்துகொள்கிறது.

இந்த மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்கள் ஜி-புரதங்கள் எனப்படும் குடும்பத்தைச் சேர்ந்தவை. செல்லின் வெளிச்சவ்வின் உட்புறத்தில் இருந்துகொண்டு, வெளியிலிருந்து வரும் செய்தியை உள்ளே கடத்துவது இவற்றின் பணி. செய்தி வந்ததும் ஜி-புரதம் மூன்று பாஸ்பேட்டுகள் கொண்ட குவானோசின் மூலக்கூறு ஒன்றைப் பற்றிக்கொள்கிறது. அந்நிலையில் அது இயங்குகிறது. பின்னர் அதுவே அந்த மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை வெட்டி நீக்கிவிட்டு ஓய்வு நிலைக்குத் திரும்புகிறது. அதாவது ஜி-புரதமே ஒரு நொதி. தன் இயக்கத்தைத் தானே நிறுத்திக்கொள்வதற்காகவே அந்த நொதிச் செயல் அதனிடம் இருக்கிறது. மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் தானாக நின்றுவிடும் தண்ணீர் மோட்டாரை எண்ணிக்கொள்ளலாம்: மோட்டார் நன்றாகவே ஓடுகிறது, நிறுத்தும் பகுதி மட்டும் பழுதாகிவிட்டது என்றால், தொட்டி வழிந்துகொண்டே இருக்கும்.

பிறழ்வு நிகழ்வது பெரும்பாலும் இந்தப் புரதத்தின் 209ஆம் இடத்தில் இருக்கும் குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தில். பாஸ்பேட்டை வெட்டுவதற்குத் தேவையான நீர் மூலக்கூறைச் சரியான இடத்தில் நிறுத்திவைப்பது அந்தக் குளூட்டமின்தான். அதன் இடத்தில் லூசினோ புரோலினோ வந்து அமர்ந்தால் வெட்டும் வினை நின்றுபோகிறது. புரதம் எப்போதும் இயங்கும் நிலையிலேயே சிக்கிக்கொள்கிறது. பல நூறு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியில் ஒன்றே ஒன்று மாறியதால் ஒரு செல்லின் ஒழுங்கு முழுவதும் குலைகிறது என்பது, எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் வியப்பும் கலக்கமும் தரும் செய்தி.

இயங்கிக்கொண்டே இருக்கும் ஜி-புரதம் அடுத்து எழுப்புவது பாஸ்போலைபேஸ் சி-பீட்டா என்ற நொதியை. இது செல்சவ்வில் உள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறை இரண்டாகப் பிளக்கிறது. அதில் கிடைக்கும் டைஅசில்கிளிசரால் என்ற துண்டு, புரத கைனேஸ் சி என்ற நொதியைத் தூண்டுகிறது. அங்கிருந்து செய்தி மெக், எர்க் என்னும் கைனேஸ்கள் வழியாகச் செல்கருவை அடைந்து, பெருகு என்ற கட்டளையாக முடிகிறது. இதே ஜி-புரதத்திலிருந்து வேறொரு கிளையும் பிரிகிறது. அது செல்லின் உட்கட்டமைப்பை மாற்றியமைக்கும் சிறு ஜி-புரதங்கள் வழியாகவும், செல் தன் சுற்றுப்புறத்தைப் பற்றிக்கொள்ளும் இடங்களில் வேலை செய்யும் ஃபேக் என்ற கைனேஸ் வழியாகவும் சென்று, யாப் என்ற புரதத்தைச் செல்கருவுக்குள் அனுப்புகிறது. செல்லின் வடிவமும் பற்றும் இந்தக் கிளையோடு பிணைந்துள்ளன என்பதால், நகரும் ஆற்றலைப் பற்றி ஆராய்வோர் இதில் தனிக் கவனம் செலுத்துகின்றனர்.

ஆயினும் இந்தப் பிறழ்வை மட்டும் வைத்துப் பரவலை விளக்கிவிட முடியாது. கண்ணின் உட்புறத்தில் மச்சம் போல இருக்கும் தீங்கற்ற கோராய்டு நீவஸ்களிலும் இதே பிறழ்வுகள் காணப்படுகின்றன. அமெரிக்க வெள்ளையர்களில் அத்தகைய நீவஸ் உள்ளவர்களைக் கணக்கிட்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ 8,800 பேரில் ஒருவருக்கே அது மெலனோமாவாக மாறுகிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். எனவே கண்ணில் ஒரு நீவஸ் இருப்பதாக மருத்துவர் சொன்னால் அஞ்ச வேண்டியதில்லை. குறித்த காலங்களில் படமெடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். ஜி-புரதப் பிறழ்வு செல்லைப் பெருகத் தூண்டுகிறது. அது கண்ணைவிட்டு வெளியேறிப் பிழைப்பதற்கு இன்னொன்று நிகழ வேண்டும்.

இல்லாமல் போகும் நொதி

அந்த இன்னொன்று என்னவென்பதற்கான முதல் தடயம் குரோமோசோம்களில் கிடைத்தது. கண் மெலனோமா செல்களில் மூன்றாம் குரோமோசோமின் இரண்டு படிகளில் ஒன்று காணாமல் போயிருந்தால் அந்தக் கட்டி பரவும் வாய்ப்பு மிக அதிகம் என்பது 1990களிலேயே தெரிந்திருந்தது. அந்தக் குரோமோசோமில் எந்த மரபணு இழக்கப்படுவதால் இந்த ஆபத்து வருகிறது என்பதற்கான விடையை, அப்போது செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் ஹார்பரின் குழு 2010இல் வெளியிட்டது. பரவும் வகையைச் சேர்ந்த 31 கட்டிகளைப் பரிசோதித்ததில் 26 கட்டிகளில், மூன்றாம் குரோமோசோமில் அமைந்த பேப்-1 என்ற மரபணு பழுதாகியிருந்தது. ஒரு படி குரோமோசோமோடு சேர்ந்து போய்விடுகிறது. எஞ்சிய படி பிறழ்வால் பயனற்றுப் போகிறது. இறுதியில் அந்தச் செல்லிடம் செயல்படும் பேப்-1 புரதமே இல்லை.

பேப்-1 ஒரு நொதி. அது செய்யும் வேலை, பிற புரதங்களின்மேல் ஒட்டப்பட்டிருக்கும் உபிகுயிட்டின் என்ற சிறு புரதத்தைக் கழற்றி எடுப்பது. உபிகுயிட்டின் ஒட்டப்பட்ட புரதங்கள் சில நேரங்களில் அழிவுக்கு அனுப்பப்படுகின்றன. சில நேரங்களில் அவற்றின் பணி மட்டும் மாறுகிறது. நம் டிஎன்ஏ இழை ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மேல் சுற்றப்பட்டே செல்கருவுக்குள் இருக்கிறது. அவற்றுள் ஹிஸ்டோன் எச்2ஏ என்பதன் குறிப்பிட்ட ஓரிடத்தில் உபிகுயிட்டின் ஒட்டினால் அந்தப் பகுதி மரபணுக்கள் அடங்கிவிடும். பேப்-1 அதைக் கழற்றி, எவை அடங்க வேண்டும் எவை இயங்க வேண்டும் என்ற சமநிலையைக் காக்கிறது. அந்த நொதி போய்விட்டால் மெலனோசைட்டை மெலனோசைட்டாக வைத்திருக்கும் மரபணு ஒழுங்கு சிதைகிறது.

ஆய்வகத்தில் கண் மெலனோமா செல்களிலிருந்து பேப்-1 புரதத்தைக் குறைத்துப் பார்த்தபோது கிடைத்த முடிவு ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. செல்கள் முன்பைவிட வேகமாகப் பெருகவில்லை. முன்பைவிட வேகமாக நகரவும் இல்லை. ஆனால் அவை தம் மெலனோசைட் அடையாளங்களை இழந்து, இன்ன வேலைக்கென்று வகுக்கப்படாத தொடக்கநிலைச் செல்களின் இயல்புகளைப் பெற்றன. பரவல் என்றால் வேகம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்; உண்மையில், பழக்கமில்லாத ஓர் உறுப்பில் தனித்து விடப்பட்ட ஒரு செல் பிழைத்து, காத்திருந்து, தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வதற்கு வேகத்தைவிட இந்த நெகிழ்வே அதிகம் பயன்படக்கூடும். பல ஆண்டுகள் அமைதியாக இருந்துவிட்டுப் பிறகு கல்லீரலில் நோய் தலைதூக்குவதைப் புரிந்துகொள்ள, எனக்குத் தெரிந்தவரை இதுவே சிறந்த தொடக்கப்புள்ளி.

மருத்துவமனையிலும் இதற்கு நேரடிப் பயன் இருக்கிறது. கட்டியிலிருந்து நுண்ணூசியால் எடுக்கப்பட்ட மாதிரியிலோ, அகற்றப்பட்ட கண்ணிலோ, பேப்-1 புரதம் செல்கருவில் இருக்கிறதா என்பதைச் சாயமேற்றிப் பார்க்கிறார்கள். குரோமோசோம்களையும் மரபணு வெளிப்பாட்டையும் பரிசோதித்துக் கட்டியைக் குறைந்த ஆபத்துள்ளது, மிகுந்த ஆபத்துள்ளது என்று வகைப்படுத்துகிறார்கள். ஆபத்து மிகுந்தவர்களுக்குக் கல்லீரலை ஆறு மாதங்களுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைந்த இடைவெளியிலோ எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட் மூலம் கண்காணிப்பது வழக்கம். மிகச் சிலர் பழுதான பேப்-1 மரபணுவைப் பெற்றோரிடமிருந்தே பெற்றிருப்பார்கள். அத்தகைய குடும்பங்களில் கண் மெலனோமாவோடு, நுரையீரலைச் சூழ்ந்த உறையில் வரும் மீசோதீலியோமா, தோல் மெலனோமா, சிறுநீரகப் புற்றுநோய் ஆகியவையும் அதிகம் வருவதால், நெருங்கிய உறவினர்களில் இந்நோய்கள் பலருக்கு இருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

திசுவை அரிக்கும் நொதிகள்

இனி, வழக்கமாக முதலில் பேசப்படும் நொதிகளுக்கு வருவோம். செல்களுக்கு இடைப்பட்ட வெளியில் கொலாஜென் முதலிய புரத இழைகள் பின்னிக் கிடக்கின்றன. ரத்த நாளங்களைச் சுற்றியும் திசு அடுக்குகளின் அடியிலும் நான்காம் வகைக் கொலாஜெனால் ஆன மெல்லிய அடிச்சவ்வு இருக்கிறது. இவற்றைத் துண்டிக்கும் நொதிக் குடும்பமே மேட்ரிக்ஸ் மெட்டல்லோபுரோட்டினேஸ்கள், சுருக்கமாக எம்எம்பி. வினை நடக்கும் மையத்தில் துத்தநாக அயனி இருப்பதால் இந்தப் பெயரில் மெட்டல் என்ற பகுதி சேர்ந்தது. இக்குடும்பத்தின் முதல் நொதி புற்றுநோயில் கண்டுபிடிக்கப்பட்டதன்று. தவளையாக மாறும் தலைப்பிரட்டையின் வால் எவ்வாறு கரைகிறது என்று ஆராய்ந்த ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாபியேரும் 1962இல் அதைக் கண்டறிந்தார்கள். காயம் ஆறவும், எலும்பு வளரவும், கரு உருவாகவும் இந்நொதிகள் நமக்குத் தேவை. புற்றுசெல்கள் புதிதாக எதையும் படைக்காமல் உடலின் இந்த ஏற்பாட்டைத் தவறாகப் பயன்படுத்திக்கொள்கின்றன.

கண் மெலனோமாவில் எம்எம்பி-2, எம்எம்பி-9 ஆகிய இரண்டும் அதிகம் ஆராயப்பட்டுள்ளன. நான்காம் வகைக் கொலாஜெனைத் துண்டிக்கக்கூடியவை இவை என்பதால், நாளச் சுவரின் அடிச்சவ்வைக் கடக்க உதவும். பெரிய உருண்டை வடிவ எபிதீலியாய்டு செல்கள் நிறைந்த, தீவிரம் மிகுந்த கட்டிகளில் இவை கூடுதலாகக் காணப்படுவதைத் திசு ஆய்வுகள் காட்டியுள்ளன. எம்எம்பி-2 முதலில் செயலற்ற வடிவில்தான் உருவாகிறது. செல்லின் வெளிச்சவ்வில் நிலைத்திருக்கும் எம்எம்பி-14 அதன் ஒரு பகுதியைத் துண்டித்த பிறகே அது விழித்துக்கொள்கிறது. இவற்றோடு யூரோகைனேஸ் என்ற நொதியும் சேர்கிறது. ரத்தத்தில் உறங்கிக் கிடக்கும் பிளாஸ்மினோஜெனை அது பிளாஸ்மினாக மாற்றுகிறது, பிளாஸ்மினோ பல வகைப் புரதங்களைச் சிதைக்க வல்லது.

கண்ணின் அமைப்பையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கோராய்டுக்கும் விழித்திரைக்கும் இடையே புரூக் சவ்வு என்ற உறுதியான எல்லை இருக்கிறது. வளரும் கட்டி அதை உடைத்துக்கொண்டு விழித்திரைப் பக்கம் புடைக்கும்போது காளான் வடிவத்தைப் பெறுகிறது. அல்ட்ராசவுண்டில் அந்த வடிவம் தெரிந்தால் அனுபவமுள்ள மருத்துவர் நோயை உடனே ஐயுறுவார். வெளிப்புறத்தில் கண்ணைச் சூழ்ந்த வெண்படலம் தடித்த கொலாஜென் சுவர். கட்டி அதைத் துளைப்பதைவிட, ரத்த நாளங்களும் நரம்புகளும் செல்வதற்காக அதில் இயல்பாகவே இருக்கும் இடைவெளிகள் வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேறுகிறது. கோராய்டு உடலிலேயே மிகுந்த ரத்த ஓட்டமுள்ள திசுக்களில் ஒன்று. எனவே நாளத்தை அடைவதற்குப் புற்றுசெல் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அரிக்கும் நொதிகளின் பங்கை மிகைப்படுத்தாமல் பார்க்க வேண்டும் என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிடிபி4ஏ3 என்ற பாஸ்பட்டேஸ்

பரவலோடு நெருங்கிய தொடர்புடையதாக அறியப்பட்ட இன்னொரு நொதி பிடிபி4ஏ3. பிற புரதங்களிலிருந்து பாஸ்பேட்டை நீக்கும் இந்த நொதியைப் பற்றி 2001இல் வெளியான ஓர் ஆய்வு புற்றுநோய் உலகின் கவனத்தை ஈர்த்தது: பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிய இடங்களில் இந்த நொதியின் மரபணு மிக அதிகமாக இயங்கிக்கொண்டிருந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, பாரிஸில் உள்ள கியூரி நிறுவன ஆய்வாளர்கள் கண் மெலனோமாவிலும் இதே தொடர்பைக் காட்டினார்கள். பிடிபி4ஏ3 அதிகமாக இருந்த கட்டிகளே அதிகம் பரவின. ஆய்வகச் செல்களில் இந்நொதியைக் கூட்டியபோது அவற்றின் நகர்வும் ஊடுருவும் திறனும் கூடின.

இதன் மரபணு அமைந்திருப்பது எட்டாம் குரோமோசோமின் நீண்ட கரத்தில். ஆபத்து மிகுந்த கண் மெலனோமாக்களில் அந்தக் கரத்தின் படிகள் கூடுதலாக இருப்பது பல காலமாகத் தெரிந்த செய்தி. மூன்றாம் குரோமோசோமில் ஒன்று குறைந்து எட்டாம் குரோமோசோமின் கரம் மிகுந்திருப்பவர்களுக்கே நோயின் போக்கு மிகவும் மோசமாக இருக்கிறது. அந்தக் கரத்தில் வேறு பல மரபணுக்களும் இருப்பதால், முழுப் பொறுப்பையும் பிடிபி4ஏ3 மீது சுமத்த இயலாது. ஆனாலும் 2016இல் அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மற்றொரு கண்ணியைக் கண்டுபிடித்தார்கள்: இந்த நொதி, மேலே சொன்ன எம்எம்பி-14 செல்லின் வெளிச்சவ்வில் கூடுதலாகக் குவியச் செய்கிறது. செல்லுக்குள் பாஸ்பேட்டை நீக்கும் ஒரு நொதி, செல்லுக்கு வெளியே கொலாஜெனைத் துண்டிக்கும் நொதியின் இருப்பை இவ்வாறு நிர்ணயிக்கிறது.

ஏன் கல்லீரல்?

ரத்தத்தில் கலந்த செல் உடலெங்கும் சுற்றுகிறது. இருந்தும் பத்தில் ஒன்பது பேருக்கு அது கல்லீரலில் வேர்பிடிக்கிறது. ரத்த ஓட்டத்தின் வரிசை இதற்கு விடையாகாது, ஏனெனில் கண்ணிலிருந்து திரும்பும் ரத்தம் முதலில் நுரையீரலுக்குத்தான் போகிறது. கல்லீரலின் அமைப்பு ஒரு காரணமாக இருக்கலாம்: அதன் நுண்நாளங்களின் சுவரில் இயற்கையாகவே துளைகள் உள்ளன, தொடர்ச்சியான அடிச்சவ்வும் அங்கில்லை. நுழைவதற்கு அரிக்கும் நொதிகள் அவ்வளவாகத் தேவைப்படாத உறுப்பு அது.

மற்றொரு காரணம் கல்லீரல் சுரக்கும் வளர்ச்சிக் காரணிகள். கல்லீரல் செல்கள் காயமுற்றால் மீண்டும் வளரத் தூண்டுவதற்காக, அங்குள்ள நட்சத்திர வடிவச் செல்கள் ஹெபடோசைட் வளர்ச்சிக் காரணியை உண்டாக்குகின்றன. அதுவும் செயலற்ற வடிவில் வெளிவந்து, செரீன் புரோட்டியேஸ் வகை நொதிகளால் துண்டிக்கப்பட்ட பின்பே வேலை செய்யத் தொடங்கும். அதைப் பற்றிக்கொள்ளும் மெட் என்ற ஏற்பி பல கண் மெலனோமா செல்களின் மேற்பரப்பில் இருக்கிறது. ஏற்பியின் உட்பகுதி டைரோசின் கைனேஸாகச் செயல்படும் நொதி. வெளியே காரணி வந்து இணைந்ததும் உள்ளே பாஸ்பேட்டுகள் சேர்க்கப்பட்டு, பிழைத்திரு, நகர், பெருகு என்ற செய்திகள் பரவுகின்றன. கல்லீரலில் மிகுதியாக உண்டாகும் இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-1 என்பதற்கான ஏற்பியும் இதே வகையைச் சேர்ந்த கைனேஸ்தான். தன்னைக் காத்துக்கொள்ளக் கல்லீரல் வைத்திருக்கும் ஏற்பாடே, வந்து தங்கிய புற்றுசெல்லுக்கு ஊட்டமாகிவிடுகிறது.

இந்த நொதிகளைத் தடுத்தால் நோயைத் தடுக்கலாம் அல்லவா?

இயல்பாக எழும் இந்தக் கேள்விக்கு இதுவரை கிடைத்த விடைகள் பெரும்பாலும் ஏமாற்றமே. எம்எம்பி நொதிகள் அனைத்தையும் ஒருசேரத் தடுக்கும் பாட்டிமாஸ்டாட், மாரிமாஸ்டாட் ஆகிய மருந்துகள் 1990களில் வேறு பல புற்றுநோய்களில் பரிசோதிக்கப்பட்டன. அவை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. மாரிமாஸ்டாட் எடுத்துக்கொண்டவர்களுக்கு மூட்டு இறுக்கமும் தசை வலியும் வந்தன. நோய் ஏற்கெனவே பரவிவிட்டவர்களுக்கு, வழி உண்டாக்கும் நொதியைத் தடுத்துப் பயன் என்ன என்ற கேள்வியும், எம்எம்பிக்களில் சில உடலுக்குப் பாதுகாப்பும் அளிக்கின்றன என்ற பின்னாளைய அறிவும் அந்த முயற்சியின் அடிப்படையையே அசைத்தன. மெக் கைனேஸைத் தடுக்கும் செலுமெடினிப், பரவிய கண் மெலனோமாவில் டகார்பசின் என்ற கீமோதெரபி மருந்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டும், நோய் முற்றாமல் இருக்கும் காலத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் நீட்டிக்கவில்லை. ஒரு கிளை அடைக்கப்பட்டால் செய்தி மறு கிளை வழியே போய்விடுகிறது என்பது இதன் ஒரு விளக்கம். மெட் கைனேஸைத் தடுக்கும் கிரிசோடினிப், பரவும் ஆபத்து மிகுந்தவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகக் கொடுக்கப்பட்ட ஒரு சிறு ஆய்விலும் பயன் தென்படவில்லை.

இந்தத் தோல்விகளிலிருந்து உருவான அணுகுமுறை, ஒரே நேரத்தில் இரண்டு இடங்களை அடைப்பது. புரத கைனேஸ் சி-யைத் தடுக்கும் டரோவசெர்டிப் மருந்தைக் கிரிசோடினிப்போடு சேர்த்து, பரவிய கண் மெலனோமா உள்ளவர்களிடம் பரிசோதித்து வருகிறார்கள்: ஒன்று ஜி-புரதத்திலிருந்து வரும் செய்தியையும், மற்றொன்று கல்லீரலிலிருந்து வரும் செய்தியையும் நிறுத்த முயல்கிறது.

பேப்-1 விஷயத்தில் சிக்கல் வேறு வகையானது. மருந்துகளால் மிகையாக இயங்கும் நொதியைத் தடுக்க முடியும்; இல்லாமல் போன நொதியைத் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம். அதனால் ஆய்வாளர்கள் மறைமுகமான வழியைத் தேடுகிறார்கள். ஹிஸ்டோன்களிலிருந்து அசிட்டைல் தொகுதிகளை நீக்கும் வேறொரு நொதிக் குடும்பத்தைத் தடுத்தால், பேப்-1 இழப்பால் குலைந்த மரபணு ஒழுங்கு ஓரளவு மீளக்கூடும் என்பதற்கு ஆய்வகச் சான்றுகள் உள்ளன. அவ்வகை மருந்தான வோரினோஸ்டாட் நோயாளிகளிடமும் பரிசோதனைக்குக் கொண்டுவரப்பட்டது.

பரவிய கண் மெலனோமாவில் ஆயுளை நீட்டிப்பதாகப் பெரிய ஒப்பீட்டு ஆய்வில் முதன்முதலாக நிரூபிக்கப்பட்ட மருந்து, நொதிகளைத் தொடாத வழியில் வந்தது. டெபென்டஃபஸ்ப் என்ற அந்த மருந்து, நோயாளியின் டி-செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களை மெலனோமா செல்களுக்கு அருகில் கொண்டுவந்து தாக்கச் செய்கிறது. அதைப் பெற்றவர்களில் 73 விழுக்காட்டினரும், மருத்துவர் தேர்ந்தெடுத்த பிற சிகிச்சையைப் பெற்றவர்களில் 59 விழுக்காட்டினரும் ஓராண்டுக்குப் பின் உயிருடன் இருந்தனர். அமெரிக்காவில் 2022 ஜனவரியில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. எச்எல்ஏ-ஏ*02:01 என்ற திசு வகை உள்ளவர்களுக்கு மட்டுமே அது வேலை செய்யும் என்பதால், ரத்தப் பரிசோதனையால் அந்த வகையை முதலில் உறுதிசெய்கிறார்கள். அந்த வகை இல்லாதவர்களுக்கென்றே டரோவசெர்டிப்பும் கிரிசோடினிப்பும் சேர்ந்த ஆய்வு இப்போது முதன்மையாகத் திட்டமிடப்பட்டிருக்கிறது.